பாய்மரப் படகில் பன்னிரண்டு வோல்ட்

துடியலூர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு இன்று புதினமல்ல. சப்மெர்சிபிள் மோட்டாரைக் குழிக்குள் இறக்கும் நாளில் மெக்கானிக் எதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று நின்று பார்த்தால் தெரியும். மோட்டாரைப் பொருத்துவது சீக்கிரம் முடிந்துவிடும். மோட்டாரின் ஒயரையும் மேலே வரும் கேபிளையும் சேர்க்கும் ஜாயிண்டில்தான் அவர் உட்கார்ந்துவிடுவார். செம்பை மினுக்கும்வரை சுரண்டி, குழல் மாட்டி நசுக்கி, அடுக்கடுக்காக டேப் சுற்றி, கடைசியில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். அந்த இணைப்பு வருடக்கணக்கில் தண்ணீருக்குள் கிடக்கப்போகிறது. அது போனால் மோட்டார் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. மொத்தக் குழாயையும் மேலே தூக்க வேண்டும்.

கடலில் போகும் பாய்மரப் படகின் மின்னணுக் கருவிகளுக்கும் இதே கதைதான். அங்கே நிலைமை இன்னும் கடுமை. இங்கே நல்ல தண்ணீர், அங்கே உப்பு. இங்கே அசையாமல் தொங்கும் கேபிள், அங்கே இரவும் பகலும் குலுங்கும் கேபிள். இங்கே 230 அல்லது 415 வோல்ட், அங்கே வெறும் 12 வோல்ட். ஜி.பி.எஸ்., ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், வி.எச்.எஃப். ரேடியோ, அருகில் வரும் கப்பல்களைக் காட்டும் ஏ.ஐ.எஸ்., ரேடார், சுக்கானைத் தானே பிடிக்கும் ஆட்டோ பைலட் என்று கடந்த நாற்பது ஆண்டுகளில் கருவிகள் மளமளவென்று வளர்ந்துவிட்டன. விலையும் இறங்கியிருக்கிறது. ஆனால் கருவி நடுக்கடலில் கைவிடும்போது பிழை பெரும்பாலும் கருவிக்குள் இருப்பதில்லை. அதற்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயரில், அந்த ஒயரின் நுனியில், அந்த நுனி மாட்டியிருக்கும் திருகில் இருக்கிறது. தமிழகக் கடற்கரைக்கு ஆயிரக்கணக்கில் மின்னணுக் கருவிகள் வந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில் இதைக் கொஞ்சம் ஆழமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2025 மே 29 அன்று கோவா துறைமுகத்துக்குத் திரும்பிய ஐ.என்.எஸ்.வி. தாரிணியிலிருந்து தொடங்கலாம். புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும், இரண்டே பேராக, அந்தப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்தார்கள். 2024 அக்டோபர் 2 அன்று புறப்பட்டு ஏறக்குறைய எட்டு மாதம். 25,400 கடல் மைல், அதாவது சுமார் 47,000 கி.மீ. வழியில் பசிபிக் பெருங்கடலின் நீமோ முனையையும் கடந்தார்கள். உலகிலேயே கரையிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் புள்ளி அது. எந்தப் பக்கம் போனாலும் நிலம் 2,688 கி.மீ. தள்ளித்தான். அங்கே ஒரு ஃபியூஸ் போனால் கடைக்கு ஆள் அனுப்ப முடியாது.

தாரிணி, கோவாவின் திவார் தீவில் உள்ள அக்வேரியஸ் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி 2017-இல் கடற்படையில் சேர்ந்தது. 56 அடி நீளம், 25 மீட்டர் உயரப் பாய்மரம். அதே தளத்தில் கட்டப்பட்ட மாதேய்தான் மூத்த படகு. அதில்தான் திலீப் தோண்டே 2009-10-இல் தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியரானார். அதில்தான் அபிலாஷ் டோமி 2012-13-இல் எங்கும் நிறுத்தாமல் தனியாகச் சுற்றினார். கடலே இல்லாத கோவைக்கும் கடற்படைக்கும் தொடர்பில்லை என்று நினைக்க வேண்டாம். மாலுமிகளுக்குத் தலைமைத்துவப் பயிற்சி தரும் ஐ.என்.எஸ். அக்ரணி கோவை நகருக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டு பேர் மட்டும் ஓட்டும் படகில் ஆட்டோ பைலட் மூன்றாவது ஆள். ஒருவர் தூங்க, மற்றவர் பாயைச் சுருக்க, சுக்கானை அதுதான் பிடித்திருக்கும். அதனால் படகின் மின் இணைப்பைப் பற்றிய எந்தப் பேச்சும் அதிலிருந்தே தொடங்க வேண்டும். பலரை ஏமாற்றும் ஒரு கோளாறு இதில் உண்டு. பேட்டரியில் குறையில்லை, மீட்டரில் 12.4 வோல்ட் காட்டுகிறது; காற்று மெல்ல வீசும்வரை ஆட்டோ பைலட் ஒழுங்காக வேலை செய்கிறது. காற்று வலுத்து, சுக்கானை வேகமாகத் திருப்ப வேண்டிய நேரத்தில் திரை அணைந்து மறுபடி எரிகிறது. படகு தறிகெட்டுத் திரும்புகிறது. கருவி பழுதென்று கழற்றி அனுப்பினால், கரையில் சோதித்துப் பார்த்து 'ஒரு குறையும் இல்லை' என்று திருப்பி அனுப்புவார்கள்.

காரணம் எளிய கணக்கு. ஆட்டோ பைலட்டின் மோட்டார் வேகமாகத் திரும்பும்போது 10 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியிலிருந்து அது 8 மீட்டர் தள்ளி இருக்கிறது. மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் ஒயரின் நீளம் 16 மீட்டர். யாரோ 1.5 சதுர மி.மீ. ஒயர் போட்டிருக்கிறார், வீட்டில் லைட்டுக்கும் ஃபேனுக்கும் இழுப்பதுபோல. அந்த ஒயரின் தடை ஏறக்குறைய 0.18 ஓம். பத்து ஆம்பியர் ஓடினால் 1.8 வோல்ட் ஒயரிலேயே கரைந்துவிடும். 12.4 வோல்ட்டில் புறப்பட்டது கருவியை அடையும்போது 10.6. மூளைப் பகுதியில் இருக்கும் கணிப்பொறி, மின்சாரம் போய்விட்டது என்று எண்ணி அணைந்து எழுகிறது. இதே ஒயரை 10 சதுர மி.மீ. ஆக்கினால் இழப்பு கால் வோல்ட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

வீட்டு வயரிங் மட்டும் செய்த கைக்கு இது எளிதில் பிடிபடாது. 230 வோல்ட்டில் 1.8 வோல்ட் குறைந்தால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை; யாரும் கவனிக்க மாட்டார்கள். 12 வோல்ட்டில் அதே இழப்பு நூற்றில் பதினைந்து. அமெரிக்கப் படகுத் துறையின் ஏ.பி.ஒய்.சி. விதிகள், வழிகாட்டும் விளக்கு போன்ற உயிர்காக்கும் இணைப்புகளில் 3 சதவீதத்துக்கு மேல் இழப்பு கூடாது என்கின்றன. மற்றவற்றுக்கு 10 சதவீதம்வரை விடுகின்றன. உயரமான பாய்மரத்தின் உச்சியில் எரியும் 2 ஆம்பியர் பழைய பல்புக்கு, 20 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு நாலரை சதவீதம். அந்த விதியைத் தொட 4 சதுர மி.மீ. வேண்டும். எல்.இ.டி. விளக்கு வந்தபின் இந்தச் சுமை பத்தில் ஒரு பங்காகிவிட்டது, ஆனால் எல்.இ.டி. இன்னொரு தொல்லையைக் கொண்டுவந்தது. அதைப் பிறகு பார்க்கலாம். ஆழ்துளைக் கிணற்றுக்குக் கேபிள் வாங்கும்போது 'எத்தனை அடி, எத்தனை ஹெச்.பி.' என்று கேட்டுத் தடிமனைச் சொல்லும் கோவை மெக்கானிக்குக்கு இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பைக்காரா மின்சாரம் வந்த 1930-களிலிருந்து மோட்டாரோடு வாழும் ஊர் இது.

ஒயரின் தடிமனுக்கு அடுத்தது ஒயரின் சாதி. எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் சாதாரணச் செம்பு ஒயரைப் படகில் போட்டு இரண்டு மழைக்காலம் கழித்து நுனியை வெட்டிப் பார்க்க வேண்டும். வெளியே தோல் புதுசுபோல் இருக்கும். உள்ளே செம்பு கறுத்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும். உப்பு ஈரம் இழைகளுக்கு இடையே திரிபோல ஏறிக்கொண்டே போகும். ஒரு சாண் வெட்டினாலும் கறுப்பு, இரண்டு சாண் வெட்டினாலும் கறுப்பு. நுனியில் புது லக் (இணைப்பு முனை) மாட்ட நல்ல செம்பு கிடைக்காது. இதற்காகத்தான் கடல் வேலைக்கு வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர். ஒவ்வொரு இழைக்கும் பூச்சு இருக்கும். விலை கூடுதல்தான். ஆனால் படகின் உட்பலகைகளைக் கழற்றி ஒயரை மாற்றும் கூலியை நினைத்தால் அது ஒன்றுமே இல்லை. ஒற்றைக் கம்பி ஒயரைப் படகில் தொடவே கூடாது. குலுங்கிக் குலுங்கித் திருகின் அடியில் ஒரு நாள் ஒடிந்துவிடும். மெல்லிய இழைகள் பல சேர்ந்த ஒயர்தான் அதைத் தாங்கும்.

அடுத்தது இணைப்பு. ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்த்துப் பழகியவர்களுக்கு சால்டர் வைத்தால்தான் திருப்தி. கடலில் அது பாதி சரி. உருகிய ஈயம் இழைகளுக்குள் கொஞ்ச தூரம் ஏறி அந்தப் பகுதியை விறைப்பான கம்பியாக்கிவிடும். விறைப்பு முடிந்து இழைகள் தொடங்கும் இடத்தில் குலுக்கல் முழுவதும் வந்து விழும். ஒயர் அங்கேதான் ஒடியும். அதனால்தான் இணைப்பின் பிடிப்புக்கு சால்டரை மட்டும் நம்பக்கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். ஒயர் அளவுக்கேற்ற லக், அதை முழுவதும் நசுக்காமல் விடாத ராட்செட் கிரிம்ப்பர், மேலே பசை தடவிய சுருங்கு குழல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் கடல் இணைப்பு. குழலைச் சூடாக்கும்போது இரு முனையிலும் பசை மெல்லக் கசிந்து வளையமாகத் தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் ஈரம் உள்ளே போக வழி இருக்கிறது என்று பொருள். பிறகு ஆள் பலத்தோடு ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். கையோடு வருவது கரையிலேயே வந்துவிட்டால் நல்லது. கட்டிங் பிளேயரால் நசுக்கி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றும் பழக்கம் கடலில் ஒரு பருவம்கூட நிற்காது. வெயிலில் டேப்பின் பசை வழிந்து, அதற்குள் ஈரம் தங்கி, மூடியிருப்பதாலேயே உலராமல் அரித்துக்கொண்டிருக்கும்.

நல்ல வேலைக்காரரை அடையாளம் காட்டும் சின்னப் பழக்கம் ஒன்று உண்டு. கருவிக்குள் நுழையும் முன் ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலே ஏற்றுவார். ஒயர் வழியே ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கருவிக்குள் போகாது. ஒரு பைசா செலவில்லை. ஒவ்வொரு ஒயரின் இரு முனையிலும் எண் எழுதி, அந்த எண்களைக் காகிதத்தில் படமாக வரைந்து படகிலேயே வைப்பதும் அப்படித்தான். படகு சாய்ந்துகொண்டிருக்கும் இருட்டில், தலையில் டார்ச் கட்டிக்கொண்டு எந்த ஒயர் எது என்று தேடுபவருக்கு அந்தக் காகிதம் பொன்.

ஃபியூஸ் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. ஆனால் அது தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஃபியூஸ் கருவியைக் காப்பாற்ற மட்டும் அல்ல, ஒயரையும் காப்பாற்றத்தான். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு லாரி பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். மெல்லிய ஒயர் சிவந்து எரியும். ஃபைபர் படகில் தீ என்றால் தப்பிக்க இடம் தண்ணீர்தான். அதனால் ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். கருவிக்குப் பக்கத்தில் வைத்தால் இடையிலுள்ள ஒயர் முழுவதும் காவலில்லாமல் கிடக்கும்.

இனி கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது. முன்பு ஒவ்வொரு கருவியும் தனித்தனி. ஜி.பி.எஸ். சொல்வதை ஆட்டோ பைலட்டுக்கு மனிதர்தான் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கடல் மின்னணுச் சங்கமான என்.எம்.இ.ஏ. 1983-இல் 0183 என்ற பொதுமொழியைக் கொண்டுவந்தது. ஒருவர் பேச, பலர் கேட்கலாம். வேகம் நொடிக்கு 4,800 பிட். பேசுபவரின் ஒயரைக் கேட்பவரின் ஒயரில் தவறாமல் மாட்ட வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு நிறம் வைத்ததால் இதில் பட்ட பாடு கொஞ்சமல்ல. பிறகு வந்த என்.எம்.இ.ஏ. 2000, கார்களில் ஓடும் கேன் பஸ் முறையைக் கடலுக்குக் கொண்டுவந்தது. நடுவில் ஒரு முதுகெலும்புக் கேபிள். அதிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் 6 மீட்டருக்கு மேற்படாத கிளை. இரு கோடியிலும் 120 ஓம் தடை. எல்லோரும் பேசலாம், எல்லோரும் கேட்கலாம்.

இந்த முறையில் பெரும்பாலான கோளாறுகளை ஒரு சாதாரண மல்டிமீட்டரால் கண்டுபிடித்துவிடலாம். மின்சாரத்தை அணைத்துவிட்டு, தகவல் ஓடும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். இரண்டு 120 ஓம் தடைகள் பக்கவாட்டில் சேர்ந்தால் அவ்வளவுதான் வரும். 120 காட்டினால் ஒரு கோடியில் தடை இல்லை அல்லது கேபிள் அறுந்திருக்கிறது. 40 காட்டினால் யாரோ மூன்றாவது தடையை மாட்டியிருக்கிறார். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதுத் திரை வாங்கும் முன் இந்த ஒரு அளவை எடுத்துப் பார்க்கும் பழக்கம் எல்லாத் துறைமுகத்திலும் வர வேண்டும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. எல்லாக் கருவியும் ஒரே முதுகெலும்பில் தொங்குகின்றன. அது போனால் எல்லாம் ஒரே நேரத்தில் போகும். அதனால் அனுபவசாலிகள் ஒரு ஜி.பி.எஸ்.ஸையாவது இந்த வலையில் சேர்க்காமல் தனி பேட்டரியில் வைத்திருப்பார்கள்.

வி.எச்.எஃப். ரேடியோவில் விஷயம் மேலே ஏறுகிறது. அதன் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு மறைத்துவிட்டால் முடிந்தது. எனவே ஆன்டெனாவின் உயரம்தான் எல்லாம். தாரிணிபோல் 25 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால் சுமார் 11 கடல் மைல்வரை அடிவானம். எதிரே 4 மீட்டர் உயர ஆன்டெனா கொண்ட படகு இருந்தால் இரண்டுக்கும் இடையே 15 கடல் மைல்வரை பேசலாம். 4 மீட்டர் ஆன்டெனா உள்ள இரண்டு படகுகள் என்றால் 9 கடல் மைலோடு சரி. ஆனால் உயரம் கூடக் கூட கேபிளின் நீளமும் கூடும். அங்கே அலை கசியும். 30 மீட்டருக்கு மெல்லிய ஆர்.ஜி.58 கேபிள் போட்டால், ரேடியோ 25 வாட் அனுப்பினாலும் உச்சியில் போய்ச் சேர்வது சுமார் 6 வாட். தடித்த ஆர்.ஜி.213 போட்டால் அதைவிட இருமடங்கு சேரும். உச்சியில் இருக்கும் கனெக்டரில் தண்ணீர் இறங்கினால் இந்தக் கணக்கும் பாழ். ரேடியோ கேட்கும்; ஆனால் அதன் குரல் யாருக்கும் கேட்காது. 16-ஆம் சேனலில் உதவி கேட்டுக் கத்துபவருக்கு, தன் குரல் படகைத் தாண்டவில்லை என்பதே தெரியாமல் போகும்.

எல்.இ.டி. விளக்கின் தொல்லை இங்கேதான் வருகிறது. மலிவான எல்.இ.டி.களுக்குள் மின்னழுத்தத்தை மாற்றும் சுற்று, வி.எச்.எஃப். அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டும். ரேடியோவும் ஏ.ஐ.எஸ்.ஸும் தொலைவில் உள்ளதைக் கேட்காமல் செவிடாகிவிடும். விளக்கோ பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-இல் இதைப் பற்றி எச்சரிக்கை அறிக்கையே வெளியிட்டது. சோதனை எளிது. விளக்கை அணைத்து, ரேடியோவை யாரும் பேசாத சேனலில் வைத்து, ஸ்குவெல்ச் திருகை இரைச்சல் நிற்கும் எல்லைவரை கொண்டுவர வேண்டும். பிறகு விளக்கைப் போட வேண்டும். இரைச்சல் மீண்டும் வந்தால் அந்த விளக்கைக் கழற்றிவிட வேண்டியதுதான். திசைகாட்டிக்கும் இதுபோல் ஒரு பகை உண்டு. பக்கத்தில் ஸ்பீக்கரின் காந்தமோ, பிரிந்து ஓடும் இரண்டு டி.சி. ஒயர்களோ இருந்தால் ஊசி விலகும். இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டினால் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

இத்தனை கருவிகளுக்கும் சோறு போடுவது யார்? எஞ்சின் ஓடாத படகில் மின்சாரம் வரவு செலவுக் கணக்காகிவிடுகிறது. ஒரு மாதிரிக்கு: ஆட்டோ பைலட் சராசரி 4 ஆம்பியர், வரைபடத் திரை 1, மற்றவை எல்லாம் சேர்ந்து 1. மணிக்கு 6, நாளுக்கு 144 ஆம்பியர்-மணி. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 300 ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டும். நம் வெயிலில் 100 வாட் சோலார் பலகை நாளுக்கு 25-30 ஆம்பியர்-மணி கொடுத்தால் பெரிது. பாயின் நிழல் விழுந்தால் அதுவும் இல்லை. ஐந்து பலகைக்குக் குறையாமல் வேண்டும். தென் பெருங்கடலின் மேகத்தில் அதுவும் போதாது. இந்தக் கணக்கைப் போடாமல் கருவியை வாங்கிக் குவிப்பவர்கள் மூன்றாம் நாள் இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். சென்னைத் துறைமுகத்தில் 1911-இலிருந்து இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பைப் போன்ற இடங்களில், டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன நேத்ரா குமணன் போன்றோர் பழகிய சிறிய படகுகளில் இந்தக் கவலையே இல்லை. அவற்றில் பேட்டரியே கிடையாது.

மின்னணுக் கருவியே வேண்டாம் என்று சொல்லும் பந்தயமும் உண்டு. கோல்டன் குளோப் பந்தயத்தில் ஜி.பி.எஸ். முத்திரையிட்ட பெட்டியில் இருக்கும். செக்ஸ்டன்ட்டால் சூரியனைப் பார்த்துத்தான் வழி. 2018-இல் அதில் கலந்துகொண்ட அபிலாஷ் டோமியின் துரியா படகு, செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடல் புயலில் உருண்டது. பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பு அடிபட்டது. ஆளால் எழுந்திருக்க முடியவில்லை. முதன்மைச் செயற்கைக்கோள் ஃபோன் உடைந்துவிட்டது. கையடக்கமான ஒரு குறுஞ்செய்திக் கருவி வேலை செய்தது; அதில்தான் தன் நிலையைச் சொன்னார். இந்தியக் கடற்படையின் பி-8ஐ விமானம் படகைக் கண்டது. செப்டம்பர் 24 அன்று பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பலான ஓசிரிஸ் அவரை மீட்டது. படகின் பாய்மரத்தையும் ஒயரையும் நம்பாத, தன் பேட்டரியைத் தானே சுமக்கும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததுதான் அன்று வித்தியாசமாக அமைந்தது. அதே மனிதர் 2022-இல் அதே பந்தயத்தில் மறுபடி இறங்கி, 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாக முடித்தார் என்பதை எண்ணும்போது மனம் நிறைகிறது.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் உண்டு. 2014 நவம்பர் 29 இரவு, வோல்வோ உலகப் பந்தயத்தில் ஓடிய டீம் வெஸ்டாஸ் விண்ட் படகு மொரீஷியஸுக்கு வடகிழக்கே கார்காடோஸ் கராஹோஸ் பவளத்திட்டில் முழு வேகத்தில் மோதியது. உடுமலை, பல்லடம் பக்கத்தில் காற்றாலை பார்த்தவர்களுக்கு அந்தக் கம்பெனிப் பெயர் தெரிந்திருக்கும். படகில் ஒயர் ஒன்றும் அறுந்திருக்கவில்லை. எல்லாக் கருவியும் நன்றாகவே ஓடின. மின்னணு வரைபடத்தைத் தூரப் பார்வையில் வைத்திருந்தபோது அந்தத் திட்டு ஆபத்தாகத் தெரியவில்லை. கிட்டப் பெருக்கிப் பார்த்திருந்தால்தான் தெரிந்திருக்கும். படகில் இருந்த ஒன்பது பேரும் உயிர் தப்பியது பெரும் பேறு.

இப்போது நம் கரைக்கு வரலாம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிக் கடலில் உருவானபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் ஆழ்கடல் படகுகள் கரையிலிருந்து வெகு தொலைவில் இருந்தன. வி.எச்.எஃப். ரேடியோ அந்தத் தூரத்துக்கு எட்டாது. ஏன் என்பது மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. தமிழகம், கேரளம் இரண்டிலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவில்லை. 1979-இல் பிரிட்டன் அருகே ஃபாஸ்ட்நெட் பாய்மரப் பந்தயத்தில் புயலில் 15 பேர் இறந்தபின், பந்தயப் படகுகளுக்கு ரேடியோ கட்டாயமானது. ஒக்கிக்குப் பின் இங்கேயும் வேகம் பிறந்தது. கடலில் வானிலை, மீன்வளத் தகவலைப் பெற 2019-இல் ஜெமினி கருவி வந்தது. ஆனால் அது கேட்கும், பேசாது. இஸ்ரோவின் ஆபத்துச் சமிக்ஞைக் கருவி 2010-இலிருந்தே இருந்தது. அதன் இரண்டாம் தலைமுறை 2024-இல் அறிவிக்கப்பட்டபோது, 'உங்கள் அழைப்பு கிடைத்தது' என்று கடலுக்குப் பதில் போகும் வசதி சேர்ந்தது. நடுக்கடலில் கவிழும் நிலையில் இருப்பவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிது! 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில், 364 கோடி ரூபாயில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்குச் செயற்கைக்கோளோடு பேசும் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் தொடங்கியது.

ஒரு லட்சம் கருவி என்றால் குறைந்தது இரண்டு லட்சம் ஒயர் நுனிகள். அவற்றை யார் நசுக்குகிறார்கள், எதைக்கொண்டு, எந்த ஒயரில்? விசைப்படகுகளில் லாரி எஞ்சினை மாற்றிப் பொருத்துவது வழக்கம். அதோடு லாரி வயரிங்கும் கூடவே வந்துவிடுகிறது. தரையில் அது பல வருடம் ஓடும். கடலில் இரண்டாம் ஆண்டே பச்சை பிடித்துவிடும். கருவியை இலவசமாகக் கொடுத்து, அதை உயிரோடு வைத்திருக்கும் கைவேலைக்கு ஏற்பாடு செய்யாவிட்டால், அடுத்த ஒக்கியின்போது ஆயிரம் படகுகளில் கருவி சுவரில் இருக்கும், விளக்கு எரியாது. இதைச் சொல்வதற்கு நிபுணர் குழு தேவையில்லை.

வழியும் இல்லாமலில்லை. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மத்திய மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட்டுக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரமும் 1937-இல் மின்மோட்டார் செய்த கோவையில், தண்ணீருக்குள் நிற்கும் இணைப்பைப் போடத் தெரிந்த கைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பம்ப் தொழிலில் வேலை குறையும் மழை மாதங்களில் அந்தக் கைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போய், அவர்களிடமிருந்து மீனவ இளைஞர்களும், மீனவர்களிடமிருந்து இவர்களும் கற்கச் செய்யலாம். கொங்கு மெக்கானிக்குக்கு உப்பு தெரியாது. காசிமேட்டு மெக்கானிக்குக்கு உப்பு தெரியும். இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் பாடத்திட்டம் தயார்.

கற்றதைப் படகுகளில் செய்வதற்கான காலமும் ஆண்டுதோறும் வருகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகள் கரையில் நிற்கும். எஞ்சினைப் பிரிக்கிறார்கள், வலை பின்னுகிறார்கள், பெயிண்ட் அடிக்கிறார்கள். அந்தப் பட்டியலில் மின் இணைப்பையும் சேர்க்க வேண்டும். காசிமேடு, நாகப்பட்டினம், தூத்துக்குடி, தேங்காய்ப்பட்டணம் ஒவ்வொன்றிலும் ஒரு மேஜை, இரண்டு மல்டிமீட்டர், ஒரு நல்ல ராட்செட் கிரிம்ப்பர், வெள்ளீயம் பூசிய ஒயர் சுருள்கள், சுருங்கு குழல் பெட்டி. பேட்டரி முனையிலிருந்து தொடங்கலாம். அங்கே படிந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டி, ஃபியூஸ் ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்து, டிரான்ஸ்பாண்டருக்கு எஞ்சின் பேட்டரியிலிருந்து தனியாக ஒரு பேட்டரி கொடுத்து, கருவி ஓடும்போதே அதன் முனையில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று அளந்து எழுத வேண்டும். ஆன்டெனா உச்சியின் கனெக்டரை மட்டும் தடைக்காலத்தின் முதல் வாரத்திலேயே கழற்றிப் பார்த்துவிட வேண்டும். உள்ளே பச்சை பிடித்திருந்தால் கேபிளையே மாற்ற வேண்டிவரும். அதற்கு ஆளும் சாமானும் வந்துசேர நாள் பிடிக்கும்.